அனுபவப் பகிர்வு: ‘தெரிவித்தார்’ என்று முடியும் செய்திகள்

பழைய துணையாசிரியர், வெள்ளவத்தை:

கொழும்பில் ஒரு தமிழ் நாளேட்டின் செய்தி மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். பத்திரிகையின் பெயர் வேண்டாம். அங்கே நான் அதிகம் எழுதிய சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ‘தெரிவித்தார்’. அதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள் ‘குறிப்பிட்டார்’, ‘சுட்டிக்காட்டினார்’, ‘வலியுறுத்தினார்’. ஒருநாள் அலுப்பில் முதல் பக்கத்தை எடுத்துச் சிவப்புப் பேனாவால் எண்ணினேன். பதினேழு இருந்தன. அவற்றில் பொலிஸ், இராணுவம், அமைச்சு, திணைக்களம் எதையும் சேராதவர்கள் தெரிவித்தவை இரண்டுதான். அந்த இருவரில் ஒருவர் சோதிடர்.

செய்தி எங்களிடம் வந்த விதம் அப்படி. காலை பத்து மணி தாண்டினால் தொலைநகல் இயந்திரம் தாளைத் துப்பத் தொடங்கிவிடும். அரசாங்கத் தகவல் திணைக்களம், பொலிஸ் ஊடகப் பிரிவு, 2006இற்குப் பிறகு தேசிய பாதுகாப்புக்கான ஊடக மத்திய நிலையம். பெரும்பாலும் சிங்களம், சில ஆங்கிலம். தமிழில் வந்தால் அதைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதிவிடுவது சுலபம். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்தச் சேதி தொலைநகல் இயந்திரத்துக்கு எட்டவில்லை. ஆகவே நாங்கள் செய்தது முக்கால்வாசி மொழிபெயர்ப்பு. யாராவது ‘பத்திரிகையாளர்’ என்று அழைத்தால் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும்.

வெளியே போய்க் கேட்டு எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதியவர்கள் இருந்தார்கள். நிமலராஜன் 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சிவராம் 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டார். மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகே சடலமாகக் கிடந்தார். பம்பலப்பிட்டி என்றால் நான் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் இடம். அதற்குப் பிறகு, யார் சொன்னது என்று போடாமல் ஒரு வரி எழுத எங்கள் மேசையில் ஒருவருக்கும் கை வரவில்லை. ‘தெரிவித்தார்’ போட்டுவிட்டால் பொறுப்பு சொன்னவர் தலையில். நமக்கு இரவு நித்திரை வரும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2007 ஜூன் 7, வியாழக்கிழமை. விடிவதற்கு முன் எங்கள் ஒழுங்கையில் வாகனச் சத்தம். எதிர்ப்பக்கத்தில் ஒரு லொட்ஜ் இருந்தது. வெளிநாட்டுப் பயணத்துக்கு விசா பார்த்து நிற்பவர்கள், வைத்தியத்துக்காக வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்கள் தங்கும் இடம். பொலிஸார் உள்ளே போனார்கள். சிறிது நேரத்தில் ஆட்கள் பைகளோடு இறங்கி வந்தார்கள். ஒரு வயதான அம்மா கையில் பெரிய மண்ணிறக் கடித உறை, எக்ஸ்ரே படம் வைப்பார்களே, அது. வேறு பை இல்லை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பஸ்ஸின் படி உயரம். உறையை வாயால் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறினார். நான் மாடித் தாழ்வாரத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றேன்.

அன்று கொழும்பு லொட்ஜுகளிலிருந்து அப்படி ஏற்றப்பட்ட தமிழர்கள் 376 பேர். அலுவலகம் போனேன். அதிகாரத் தரப்பின் விளக்கம் ஏற்கெனவே வந்திருந்தது: தகுந்த காரணமின்றித் தங்கியிருந்தவர்கள், ஊர் திரும்புவதற்குப் போக்குவரத்து வசதி. மேசையில் சண்டை தொடங்கியது. ‘சென்றனர்’ என்று போடுவதா? ‘அனுப்பி வைக்கப்பட்டனர்’ என்றா? நான் ‘வெளியேற்றப்பட்டனர்’ என்றேன். “யார் சொன்னது?” என்று ஆசிரியர் கேட்டார். “நான் கண்ணால் பார்த்தேன்” என்றேன். அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. “நீர் பார்த்தது சரி, தம்பி. ஆனால் யார் தெரிவித்தார்கள்?” கடைசியில் ‘அழைத்துச் செல்லப்பட்டனர்’ என்று அச்சாயிற்று. கல்யாண வீட்டுக்கு அழைத்துப் போனதுபோல.

மறுநாள் உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த நிமிடமே என்னுடைய சொல் அச்சுக்குத் தகுதி பெற்றுவிட்டது. ஓரிரு நாட்களில் பிரதமரே வருத்தம் தெரிவித்தார். பாருங்கள், வருத்தத்தையும் தெரிவிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். கண்டது ஒன்று, மறுநாள் படித்தது வேறு என்று ஆனவை. கட்சிச் சண்டை வேண்டாம்.

கொச்சிக்கடைக்காரி:

ஐயா, எங்கள் வீடு அந்தோனியார் கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நான் பூசைக்குப் பிந்திவிட்டேன், பிள்ளைக்குச் சட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது, யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசலுக்கு ஓடினால் புகையும் தூசியும். அந்த நேரம் வீட்டுத் தொலைபேசி அடிக்கிறது. ரொறொன்ரோவிலிருந்து தங்கை. “அக்கா, கோவிலில் குண்டாம், ஹோட்டல்களிலும் வெடித்ததாம்.” புகையைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் நான், என்ன நடந்தது என்று கனடாவிலிருந்து கேட்கிறேன்.

பிறகு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கினார்கள். வதந்தி பரவாமல் இருக்கவாம். வதந்தி எங்கள் தெருவில் காலால் நடந்தே பரவியது. அதற்கு இணையம் தேவைப்படவில்லை. முடங்கியது மச்சான் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கும் வழிதான்.

இன்னொன்று என்னை இன்றும் அரிக்கிறது. இறந்தவர்கள் 359 பேர் என்று சொன்னார்கள். எல்லாப் பத்திரிகையும் அதையே போட்டது. 25ஆம் திகதி, பிழையாக எண்ணிவிட்டோம், 253தான் என்றார்கள். உடல்கள் சிதறியிருந்ததால் கணக்குத் தவறியதாம். அது உண்மையாகவே இருக்கலாம். பிணவறையில் வேலை செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நூறு பேர் ஒரு மாலையில் குறைந்ததை எல்லாத் தொலைக்காட்சியும் அதே குரலில் வாசித்தது. எங்கள் பகுதியில் வெள்ளைத் துணி கட்டிய வீடுகளை நான் எண்ணி வைத்திருந்தேன். ஒரு நிருபரும் வந்து கேட்கவில்லை. கமராவோடு வந்தவர்கள் அழுகிற முகத்தைத்தான் கேட்டார்கள்.

தாக்குதல் வரலாம் என்ற எச்சரிக்கைக் கடிதம் ஏப்ரல் 11ஆம் திகதியிட்டுப் பொலிஸுக்குள்ளேயே சுற்றியது பிற்பாடு வெளிவந்தது. எங்களுக்குத் தேவைப்பட்ட ஒரேயொரு அதிகாரபூர்வத் தகவல் அதுதான். அதை மட்டும் ஒருவரும் தெரிவிக்கவில்லை.

மருதானை வாசகன்:

அக்கா எழுதியதன் தொடர்ச்சியாக ஒன்று. அதே 25ஆம் திகதி பொலிஸ் ஆறு சந்தேக நபர்களின் படங்களை வெளியிட்டது. அதில் ஒரு படம் அமெரிக்காவில் பிறந்து அங்கேயே பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவியுடையது. முக்காடு போட்ட பெண், அவ்வளவுதான் பொருத்தம். பொலிஸ் தவறை ஒப்புக்கொண்டது. அதற்குள் படம் எங்கெல்லாம் போயிருந்தது என்று கேட்காதீர்கள். போட்டவர்களிடம் கேட்டால் “பொலிஸ் தந்தது” என்பார்கள்.

கொரோனா காலத்தில் இன்னும் மோசம். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, தொற்றில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் எரித்தார்கள். அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்று நிபுணர்கள் தெரிவித்ததாகச் செய்தி. அடக்கம் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்; அது கடைசிப் பந்தியில் ஒரு மூலையில் இருக்கும், இல்லாமலும் இருக்கும். எந்த நிபுணர், அவர் படித்தது என்ன, நீரைச் சோதித்தது எங்கே என்று கேட்ட செய்தியை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். எங்கள் பெரிய வாப்பா 2020 டிசம்பரில் மௌத்தானார். இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

இணையச் செய்தியாளன்:

ஐயாமாரே, அக்காமாரே, அடி வாங்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன், ஆகவே சொல்கிறேன். தொலைநகல் போய் வட்ஸ்அப் குழு வந்திருக்கிறது. மற்றபடி ஐயா சொன்னதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அறிக்கை விழுந்து மூன்று நிமிடத்தில் தளத்தில் ஏற்ற வேண்டும். நான்காவது நிமிடம் போட்டித் தளம் முந்திவிட்டது என்று மேலிருந்து கேள்வி வரும். பொலிஸ் நிலையத்துக்கு நேரே எடுத்தால் பொறுப்பதிகாரி “ஊடகப் பேச்சாளரிடம் கேளுங்கள்” என்பார். பேச்சாளரிடம் கேட்டால், அறிக்கையில் இருப்பதை அறிக்கையில் இருக்கிறபடியே வாசிப்பார்.

என் கணினியில் ‘மே’ என்று அடித்தால் “மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் முன்னெடுத்து வருகின்றனர்” என்று முழு வரியும் தானாக வந்து நிற்கும்படி அமைத்திருக்கிறேன். வெட்கம்தான். இன்னொரு வார்ப்பும் உண்டு: “மறைத்து வைத்திருந்த ஆயுதங்களைக் காட்டுவதற்காக அழைத்துச் சென்றபோது” என்று தொடங்கும். 2020 ஒக்டோபரில் மாளிகாவத்தையில், பொலிஸ் காவலில் இருந்த பாதாள உலகப் புள்ளி மாக்கந்துரே மதூஷ் சுடப்பட்டு இறந்த செய்தி அப்படித்தான் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வேறு பெயர்களோடு வந்தது. பெயர், இடம், திகதி மூன்றையும் மாற்றினால் போதும்.

அதிகாரபூர்வ வாய்க்கே தடுமாறிய நாள் ஒன்றும் பார்த்திருக்கிறேன். 2022 ஜூலை 11: ஜனாதிபதி நாட்டை விட்டுப் போய்விட்டார் என்று சபாநாயகர் பிபிசியிடம் சொன்னார். ஏற்றினோம். சற்று நேரத்தில், தவறாகச் சொல்லிவிட்டேன், இங்கேதான் இருக்கிறார் என்றார். இறக்கினோம். 13ஆம் திகதி உண்மையாகவே மாலைதீவு போனார். என் தலைப்பு இரண்டு நாள் முந்திவிட்டது என்று நண்பர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள்.

வெல்லம்பிட்டி நானா:

எல்லோரும் அரச செய்தியைத் திட்டுகிறீர்கள். என்னை அரச செய்திதான் காப்பாற்றியது. ஆனால் அதில் ‘தெரிவித்தார்’ கிடையாது.

2016 மே வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். முதல் நாள் முழுவதும் தொலைக்காட்சியில் அமைச்சர்கள் வந்து போனார்கள்: நிலைமை அவதானிக்கப்படுகிறது, மக்கள் அவதானமாக இருக்க வேண்டும். எந்த மக்கள், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு? சொல்லவில்லை. நாங்கள் அவதானமாக இருந்தோம். குளிர்சாதனப் பெட்டி மிதந்தது.

முகாமில் பழைய நீர்ப்பாசன ஊழியர் ஒருவர் இருந்தார். அவர்தான் சொல்லித் தந்தார்: “வாயைக் கேட்காதே, அளவுகோலைப் பார்.” களனி கங்கைக்கு நாகலகம் வீதியில் ஓர் அளவுகோல் இருக்கிறது. கணக்கு அடியில். 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். மழைக் காலத்தில் நீர்ப்பாசனத் திணைக்களம் சில மணிக்கு ஒருமுறை அளவை வெளியிடும். அட்டவணையில் ஹங்வெல்லவும் இருக்கும், ஆற்றில் நமக்கு மேலே உள்ள ஊர். அங்கே தண்ணீர் ஏறினால் நமக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். மேலே இறங்கத் தொடங்கினாலும் கீழே ஏறிக்கொண்டுதான் இருக்கும். அங்கே மழை விட்டதே என்று ஏமாறக் கூடாது.

இப்போது அட்டவணை வந்ததும் என் மகள் தமிழில் இரண்டு வரி எழுதி ஒழுங்கைக் குழுவில் போடுவாள்: “நாகலகம் 4.3, ஏறுகிறது. கீழ்த்தட்டுச் சாமான்களை மேலே வையுங்கள்.” ஒருமுறை “அணை திறந்துவிட்டார்கள், ஒரு மணி நேரத்தில் தண்ணீர்” என்று அழுகைக் குரலில் ஒரு பதிவு சுற்றியது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாரானார்கள். மகள் எண்ணைப் பார்த்தாள். அரை அடி இறங்கியிருந்தது. போய்ப் படுங்கள் என்று எழுதினாள். பத்திரிகைக்காரர்கள் இந்த அட்டவணையை ஏன் முதல் பக்கத்தில் போடுவதில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. எண்ணுக்குப் புகைப்படம் எடுக்க முடியாது என்பதாலோ என்னவோ.

தெஹிவளை ஆசிரியை:

நானா சொன்ன அந்த அழுகைக் குரலை மறக்க வேண்டாம். ஊர் வாய் புனிதமானது என்ற எண்ணம் எனக்கு 2018இலேயே போய்விட்டது. அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று கிளம்பியதை எந்த அதிகாரியும் தெரிவிக்கவில்லை. சனம்தான் சனத்துக்குச் சொன்னது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, ஒரு வைத்தியர் நான்காயிரம் பெண்களுக்குக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்கள நாளேடு முதல் பக்கத்தில் எழுதியபோது என் சக ஆசிரியைகள் நம்பினார்கள். “பத்திரிகையிலேயே வந்துவிட்டதே” என்றார்கள். நிரூபிக்க ஒன்றும் அகப்படவில்லை. ஊர் வாயும் அச்சும் கைகோத்த நாட்கள் அவை.

எங்கள் அப்பா செய்த வேலை ஒன்று நினைவு வருகிறது. மாலையில் அரச வானொலிச் செய்தி, இரவில் பிபிசி தமிழோசை, இரண்டையும் கேட்டு ஒரு பழைய நாட்குறிப்பில் இரண்டு நிரலாக எழுதுவார். எண்கள் ஒத்துவராத இடத்தில் ஒரு கேள்விக்குறி. 2017 ஏப்ரலோடு தமிழோசை வானொலி நின்றது. அதன் பிறகும் சில நாட்கள் வலப்பக்க நிரலை வெறுமனே விட்டு எழுதினார்.

கொச்சிக்கடைக்காரி:

துணையாசிரியர் ஐயா, ஒன்று கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக நினைக்கிறேன். எக்ஸ்ரே உறையோடு பஸ் ஏறிய அந்த அம்மா, அவருக்குப் பிறகு என்ன ஆனது?

பழைய துணையாசிரியர், வெள்ளவத்தை:

தெரியாது, தங்கச்சி. அந்த 376 பேரில் பலர் திரும்பக் கூட்டி வரப்பட்டார்கள். அவர் வந்தாரா என்று பார்க்கவில்லை. லொட்ஜ் இருந்த இடத்தில் இப்போது புடவைக்கடை.

மாடியிலிருந்து இறங்கிப் போக அரை நிமிடம் ஆகியிருக்கும். பஸ் பத்து நிமிடமாவது நின்றது. “அம்மா, நீங்களாகவா போகிறீர்கள்?” என்று கேட்டிருந்தால் ஆசிரியருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்கும். நான் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அலுவலகத்துக்கு வெளிக்கிட்டேன்.