ஹிபா: சட்டச்சொல்லுக்குக் ‘கையளிகொடை’

நண்பர்களுக்கு வணக்கம்.

இசுலாமியச் சட்டத்தில், ஒருவர் தன் சொத்தை வாழ்நாளிலேயே மாற்றுப்பொருள் வாங்காமல் இன்னொருவருக்குக் கொடுப்பது ஹிபா. அதைத் தமிழில் ‘தானம்’ என்பதும் ‘நன்கொடை’ என்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. மூலச்சொல்லையே வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. ஹிபா என்பது பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயருமாயிற்றே. ‘ஹிபாவின் வீடு’, ‘ஹிபா செய்த வீடு’ என்று எழுதினால் ஆளைச் சொல்கிறோமா, ஆவணத்தைச் சொல்கிறோமா? பெயரைப் பிரித்துக் காட்ட ஆங்கிலத்தில் உள்ளதுபோல் பெரிய எழுத்தும் தமிழில் கிடையாது. தந்தை செய்த ஹிபா அவர் மகள் ஹிபாவுக்குச் சேர்ந்ததா என்பதுதான் வழக்கு என்றால், தீர்ப்பைப் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

தானம் என்றதும் புண்ணியம் நினைவுக்கு வரும். அதற்கு அங்கே சதகா என்று தனிச்சொல் உண்டு. இறைவனிடம் நற்கூலி நாடிக் கொடுப்பது அது, கொடுத்தபின் திரும்பக் கேட்க முடியாது. ஹிபா வேறு. ஷாஃபி மத்ஹபில் (மத்ஹப் என்பது இசுலாமியச் சட்டப்பிரிவு) பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம். ஹனஃபியில் கணவன் மனைவி, நெருங்கிய இரத்த உறவு போன்ற விலக்குகள் நீங்கலாகத் திரும்பப் பெற வழியுண்டு. நன்கொடையோ ரசீது போட்டு வாங்கும் பணமாகிவிட்டது.

ஹிபாவுக்கு மூன்று வேண்டும்: கொடுக்கிறேன் என்ற ஈஜாப், ஏற்கிறேன் என்ற கபூல், பொருளை ஒப்படைக்கும் கப்ழ். இந்த மூன்றாவதுதான் உயிர். இந்தியாவில் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவு அசையாச் சொத்துக் கொடைக்குப் பதிவு கேட்கிறது. ஆனால் கொடை பற்றிய அந்த அத்தியாயம் முஸ்லிம் சட்ட விதி எதையும் பாதிக்காது என்கிறது 129ஆம் பிரிவு. எழுத்தில் இருப்பதாலேயே இப்படிப்பட்ட கொடைக்குப் பதிவு கட்டாயமாகிவிடாது என்று 2011இல் ஹஃபீசா பீபி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்படியானால் பதிவு இல்லாமல் வாய்ச்சொல்லாலும் கொடுக்கலாம். ஆனால் சொத்து கைமாறியதா என்பதுதான் கேள்வி.

அதனால் ‘கையளிகொடை’ என்கிறேன். வினைத்தொகை, வல்லினம் மிகாது. கப்ழ் சொல்லுக்குள்ளேயே தெரிகிறது. கொடுப்பவர் கொடையாளர், பெறுபவர் கொடைபெறுநர். மாற்றுப்பொருள் வாங்கிக்கொண்டு கொடுக்கும் ஹிபா பில் இவழை ‘ஈடுபெறு கொடை’ எனலாம். அதை நீதிமன்றங்கள் விற்பனைபோலவே பார்ப்பதால், ஈடு என்பது வெளிப்படையாக இருப்பது நல்லது.

ஆளின் பெயரான ஹிபாவை மட்டும் தொடவேண்டாம். இறைவனின் பெயர்களில் ஒன்றான வஹ்ஹாப் பிறந்த அதே வேரிலிருந்து வந்தது அது. குர்ஆன் 42:49இல், நாடியோருக்குப் பெண்மக்களை இறைவன் அளிக்கிறான் என்னுமிடத்திலும் அந்த வேரின் வினைதான் வருகிறது. மகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது. ‘கொடை’ என்று அதைப் பெயர்த்துவிட்டால் ஒருவரின் அடையாளமே போய்விடும்.

சட்டப்பொருளுக்குக் கையளிகொடை, முதல்முறை வரும்போது அடைப்புக்குறியில் ஹிபா. ஆளுக்கு எப்போதும் ஹிபா. ‘இபா’ என்று கிரந்தம் நீக்கி எழுதுவதைப் பெயரில் செய்யவேண்டாம். இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஒப்படைப்பு அதில் தெரிந்தால் என் சொல்லை விட்டுவிடத் தயார்.