கிட் காரில் கிளட்ச் விடவில்லையா? கியர்பாக்ஸை இறக்கும் முன் பெடலுக்கு முன்னால் இருக்கும் தகட்டைப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் என் மாமாவிடம் லோட்டஸ் செவன் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் பாணியில் கட்டிய கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே கோர்த்துக்கொள்ளும் கார்) ஒன்று இருக்கிறது. ஃபோர்டு எஞ்சின், ஃபோர்டு டைப் 9 கியர்பாக்ஸ், கேபிள் கிளட்ச், அதாவது பெடலை மிதித்தால் ஒரு கம்பி இழுத்து எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்துவிடும். மாமா செம்பனை ஆலையில் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர், காரை லோரியில் ஏற்றி செப்பாங் பந்தயத் தடத்துக்குக் கொண்டு போய் ஓட்டுவார், மற்ற நேரமெல்லாம் அது வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நிற்கும். பக்கத்திலேயே தோட்டத்துச் செம்மண் ரோடு, பழம் ஏற்றும் லோரி போனாலே கார் முழுக்கச் சிவப்புத் தூசி.

அந்தக் காருக்கு வந்த கோளாறு இதுதான். எஞ்சினை அணைத்திருந்தால் எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழும். எஞ்சின் ஓடும்போது முதல் கியர் முரண்டு பிடிக்கும், ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று பல் அரைக்கும். ஈப்போவில் ஒரு வெர்க்‌ஷாப்பில் காட்டியபோது, பார்த்தவுடனே "பிளேட் முடிஞ்சு போச்சு அண்ணே, இறக்கணும்" என்றார்கள், கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று அர்த்தம். இந்த வகைக் காரில் கியர்பாக்ஸை இறக்குவது என்றால் பெரும்பாலும் எஞ்சினையும் சேர்த்தே தூக்க வேண்டும். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அளந்து பார்க்காம ஒரு நட்டையும் கழட்டக் கூடாதுடா தம்பி" என்று காரைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டார். அவர் செய்தது சரி என்று நான் இன்றைக்கும் உறுதியாகச் சொல்வேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும், கிளட்ச் சறுக்குகிறதா, இல்லை விடாமல் இழுக்கிறதா? நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் சறுக்குகிறது. பெடலை அடிவரை மிதித்து நாலைந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடும்போது அரைத்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். பிளேட் தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள், பெடலை மிதிக்கும்போது அவற்றைத் தள்ளும் பேரிங்கை நோக்கிப் பின்னுக்கு வரும், பெடலில் இருக்கும் சும்மா ஆட்டம் (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா போகும் தூரம்) குறையும், கடைசியில் ஆட்டமே இல்லாமல் போய் சறுக்க ஆரம்பிக்கும். அப்போது கேபிளைத் தளர்த்த வேண்டும். கேபிள் நீண்டுபோனால் ஆட்டம் கூடும், கிளட்ச் விடாது, அப்போதுதான் இறுக்க வேண்டும். நிறைய பேர் இரண்டுக்குமே இறுக்குகிறார்கள், அதில்தான் நல்ல பிளேட்டும் பேரிங்கும் வீணாகப் போகிறது.

எங்கள் காரில் இழுக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஈரக் காற்றில் நாள்கணக்கில் நின்ற காரில் பிளேட்டே ஃப்ளைவீலோடு (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) துரு பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதைப் பார்க்க பின் சக்கரங்களை ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை அணைத்து, கியரில் வைத்து, மாமா பெடலை மிதிக்க நான் ஒரு சக்கரத்தைச் சுற்றினேன். மற்ற சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் டிஃபரன்ஷியல் வழியாக அது எதிர்ப்பக்கம் சுற்றி உங்களை ஏமாற்றிவிடும். சக்கரம் கனமாக, ஆனால் சுற்றியது. அப்படியானால் ஒட்டவில்லை, அரைகுறையாக விடுகிறது.

அப்புறம் பெல்ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) பக்கத்தில், கேபிள் இழுத்து பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் நுனியில் இரும்பு ரூலரை வைத்துப் பார்த்தால், பெடல் போகிற அளவுக்கு நுனி நகரவே இல்லை. அந்தத் தூரம் எங்கே போனது? பெடலுக்கு முன்னால் கேபிளின் வெளியுறை போய் முட்டுகிற தகட்டில் கை வைத்தேன், மாமா மிதிக்கும்போதெல்லாம் அந்த அலுமினியத் தகடு பெடலை நோக்கிப் புடைத்து வந்தது. உள்கம்பியை இழுத்தால் அதே அளவு விசையோடு வெளியுறை தகட்டைத் தள்ளும், மெல்லிய தகடாக இருந்தால் வளையத்தான் செய்யும். கேபிளைக் கழற்றிப் பார்த்தால் அதன் உறை எக்ஸாஸ்ட் பக்கத்தில் சூட்டில் இளகி நசுங்கியிருந்தது, உள்ளே செம்மண்.

இதெல்லாம் எந்த மேனுவலிலும் இருக்காது. லோட்டஸ் செவன் 1957-இல் வந்ததிலிருந்தே இந்த வகைக் கார்களைப் பெரும்பாலும் வாங்கியவர்களே வீட்டில் பாகம் பாகமாகக் கோர்த்துக்கொண்டார்கள், பிறகு வந்த கிட்டுகளில் யார் எந்தப் பெடல் பாக்ஸ் (பெடல்களைத் தாங்கும் சட்டம்) போட்டார் என்று யாருக்குத் தெரியும்? இதே டைப் 9 வந்த ஃபோர்டு சியராவில் பெடலிலேயே தானாகச் சரிசெய்துகொள்ளும் பல்சக்கரம் இருந்தது. கிட் கட்டுபவர் வேறு பெடல் வைத்தவுடன் அது போய்விடும், இனி கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

தகட்டுக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் ஸ்டீல் தகடு வெட்டி போல்ட் போட்டோம். புது கேபிளை எக்ஸாஸ்டை விட்டுத் தள்ளி வளைத்து ஓட்டி, சூடு தாங்கும் உறை சுற்றினோம். உள்ளே நைலான் குழாய் இருக்கிற கேபிளுக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அட்ஜஸ்டரைத் திருகி பெடலில் சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் ஆட்டம் வைத்தோம் (உங்கள் பேரிங் எப்போதும் தொட்டுக்கொண்டே சுற்றும் வகையா என்று முதலில் பாருங்கள், அதற்குக் கணக்கு வேறு). ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. ரிவர்ஸ் அப்படி விழும் பெடல் நிலைக்குச் சற்றுத் தள்ளி, பெடல் மேலே போகாமல் தடுக்க ஒரு ஸ்டாப் போல்ட் வைத்தோம், அது இல்லாமல் ஓங்கி மிதித்தால் பிரஷர் பிளேட் விரல்களும் கேபிளும் தாங்காது. கடைசியாக லாக் நட்டை இறுக்கி வெள்ளை பெயின்ட்டில் கோடு போட்டார் மாமா, நட்டு நகர்ந்தால் கண்ணில் படும். பிளேட் பழையதுதான், சறுக்கவும் இல்லை.

டொயோட்டா எஞ்சின் போட்டு ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்குவது) வைத்திருப்பவர்கள் பெடலை இரண்டு மூன்று தடவை அடித்துப் பாருங்கள். அடித்த பிறகு கியர் நன்றாக விழுந்தால் லைனில் காற்று, அல்லது பெடல் பக்கம் இருக்கும் மேல் பம்ப்பில் (மாஸ்டர் சிலிண்டர்) கோளாறு. கிளட்ச் பக்கம் இருக்கும் கீழ் பம்ப்பின் (ஸ்லேவ் சிலிண்டர்) ரப்பரைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே யாருக்காவது இப்படித் தகடு வளைந்திருந்தால் எவ்வளவு தடிமன் தகடு போட்டீர்கள், வெல்டா போல்டா என்று எழுதுங்கள், மாமா பிரேக் பெடல் பக்கமும் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.