பர்கர்ஸ் சமன்பாட்டில் மேடு நகராமல் நிற்கிறது, நிரலில் பிழையா?

கேள்வி – நுண்சுற்று:
நான் முதலாம் ஆண்டு ஆய்வு மாணவன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பரிமாண பர்கர்ஸ் சமன்பாடு, அதாவது அலையின் ஒவ்வொரு பகுதியும் தன் உயரமான யு-வின் வேகத்திலேயே நகரும் எளிய ஓட்டச் சமன்பாடு. இங்கே ஃப்ளக்ஸ் (ஒரு புள்ளியைக் கடந்து பாயும் அளவு) என்பது யு வர்க்கத்தில் பாதி, அதோடு வேகமாக அலையும் வி(எக்ஸ்/எப்சிலான்). வி ஒரு கொசைன் அலை, அதில் 1 கழித்தது. சுற்று நீளம் 1, மதிப்பு 0-க்கும் −2-க்கும் இடையே ஆடும். எப்சிலான் 1/200, ஆக எக்ஸ்-இல் ஒரு சுற்றின் நீளம் 1/200. தொடக்கத்தில் உயரம் 1 உள்ள ஒரு மேடு, இரு பக்கமும் 0.

வி-யின் சராசரி −1. மாறிலிதானே, வகையிட்டால் போய்விடும். எப்சிலான் 0-வை நெருங்கும் எல்லையில் வெறும் பர்கர்ஸ் வரும், மேடு வலப்பக்கம் நகர்ந்து முன்முகம் ஷாக் (செங்குத்தான தாவல்) ஆகும் என்று நினைத்தேன். கட்ட அளவு 1/100 வைத்து ஓட்டினேன், அப்படியே வந்தது. நேற்று 1/4000 வைத்தேன். பற்கள் போலக் குட்டி அலைகள் முளைக்கின்றன. அவற்றின் சராசரியை எடுத்தால் தொடக்க மேடு அசையாமல் அங்கேயே நிற்கிறது! எந்த ஓட்டம் தப்பு?

பதில் – கொடுனோவ்_ரசிகன்:
நேரப்படியை, அதாவது நிரல் ஒரு தடவைக்கு முன்னேறும் நேரத்தை, எதை வைத்து முடிவு செய்தீர்கள்? தொடக்க உயரம் 1-ஐ வைத்து என்றால் போதாது. அந்தப் பற்களில் யு 2-ஐத் தாண்டும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

பதில் – மல்லிகா_கணிதம்:
தம்பி, 1/4000 ஓட்டம்தான் சரி. 1/100-இல் வந்ததை நம்பி நானும் என் ஆய்வுக் காலத்தில் ஒரு கோடை முழுவதையும் தொலைத்தேன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

1/100 கட்டத்துக்குள் சரியாக இரண்டு சுற்று அடங்கும். அப்படியானால் எல்லாப் புள்ளியிலும் வி ஒரே மதிப்பைத்தான் காட்டும். வி என்று ஒன்று இருப்பதே நிரலுக்குத் தெரியாது.

இப்போது மேடு. யு-வை ஒரு உருளும் குண்டின் வேகமாக நினையுங்கள். ஒவ்வொரு சுற்றும் 2 ஆழமுள்ள பள்ளம். அடியில் வேகம் 2 இருந்தால்தான் விளிம்பைத் தொட முடியும். அந்த நிலையில் யு என்பது 2 சைன்(பை ஒய்), ஒய் என்பது எக்ஸ்/எப்சிலான். சுற்று முழுக்கச் சராசரி எடுத்தால் 4/பை, ஏறத்தாழ 1.27. சராசரி இதற்குக் கீழே உள்ள இடமெல்லாம் பள்ளத்தில் சிக்கிவிடும்: சுற்றின் ஒரு பகுதியில் யு நேர், மீதியில் எதிர், நடுவில் அசையாத ஒரு ஷாக். சராசரி 0 என்றால் அந்த ஷாக் சுற்றின் நட்டநடுவில், +2-இலிருந்து −2-க்கு இறங்கும். சராசரி கூடினால் ஷாக் வலப்பக்கம் தள்ளிப்போகும், ஆனால் ஃப்ளக்ஸ் 0-தான். ஆக எல்லைச் சமன்பாட்டின் ஃப்ளக்ஸ் −1.27 முதல் 1.27 வரை தட்டை. உங்கள் மேட்டின் உச்சியே 1. எப்படி நகரும்?

யு-வைத் தொகையிட்டால் இது இயக்கவியலில் வரும் ஹாமில்டன்-ஜகோபி சமன்பாடு. 1987-இல் லியோன்ஸ், பாப்பனிகொலாவ், வரதன் மூவரும் எழுதிய கட்டுரை முறையாக அச்சேறாமலே இப்படி வேகமாக அலையும் சமன்பாடுகளின் எல்லையைத் தேடும் துறைக்கு அடித்தளம் ஆனது. சென்னையில் பிறந்து 2007-இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு பெற்ற அதே வரதன்தான். அந்தக் கட்டுரையை மாணவர்களிடம் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். பர்கர்ஸ் போன்ற காப்பு விதிகளுக்கு (மொத்த அளவு மாறாத சமன்பாடுகள்) கணிதர் வைனன் ஈ 1992-இல் எழுதியதைப் படியுங்கள். பல பரிமாணங்களில் இந்தத் தொகையிடும் வழி கிடையாது. அதற்குக் கணிதர் டலிபாரின் வேலை இருக்கிறது.

நுண்சுற்று:
அக்கா, மேட்டை 2-க்கு உயர்த்திப் பார்த்தேன். 1.27-க்கு மேலே இருந்த பகுதி மட்டும் வலப்பக்கம் சரிந்து, நின்றுகொண்டிருந்த பகுதியின் மேல் ஏறிப் போகிறது. இடப்பக்கச் சரிவின் அடி அசையவே இல்லை! ஆனால் ஓட்டம் தொடங்கியதும் ஒரு நடுக்கம் வருகிறதே, அது என்ன?

மல்லிகா_கணிதம்:
அருமை. சராசரி 2 இருக்கும் இடத்தில் ஃப்ளக்ஸ் 1.06 வருகிறதா என்றும் பாருங்கள். உங்கள் பழைய கணக்குப்படி 1 வந்திருக்கும்.

நடுக்கம் தொடக்க அடுக்கு, அதாவது தொடக்கத்தில் மட்டும் வந்து மறையும் குறுகிய கட்டம். நீங்கள் கொடுத்த வழவழப்பான மேட்டில் பற்கள் இல்லை, சமன்பாடு அவற்றைத் தானே செய்துகொள்ள எப்சிலான் அளவிலான நேரம் எடுக்கிறது. ஃப்ளக்ஸ் யு-வில் நேரியலாக இருந்தால் இந்த நடுக்கம் அடங்காமல் கூடவே வரும். இங்கே ஷாக்குகள் அதை விழுங்கிவிடுகின்றன. அந்த முதல் கணங்களை மட்டும் பெரிதாக்கி, ஒரு சுற்றுக்குள் என்ன நடக்கிறது என்று வரைந்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.