பால் நெருஞ்சில் வேண்டாம். பால்வரிக் குசும்பா எனலாமா?

மதிப்பிற்குரிய குழுமத்தாருக்கு வணக்கம்.

கல்லீரல் நலத்துக்கென்று மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கப்படும் 'மில்க் திசில்' விதைக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையில் 'பால் நெருஞ்சில்', 'ஈரற்காப்பு விதை' என்னும் இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டாவதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு; முதலாவதைக் குறித்தோ அச்சமே உண்டு.

நெருஞ்சில் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது, தரையோடு படர்ந்து, மஞ்சள் பூ பூத்து, காலில் தைக்கும் முட்காய் விடும் செடி. சித்த மருத்துவத்தில் அது நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் உரியது. யானை நெருஞ்சில் வேறொரு தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததுதானே என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான், ஆனால் அதையும் சிறுநீர் பெருக்கவே கொடுக்கிறார்கள் என்பதால் அங்கே பெயர் இடம் மாறினாலும் பயன் மாறுவதில்லை. நாம் பெயர் தேடும் செடியோ நடுநிலக்கடல் நாடுகளைத் தாயகமாகக் கொண்டு, ஆளுயரம் வளர்ந்து, ஊதா நிறத்தில் முட்கள் சூழ்ந்த பூந்தலை விடும் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. 'பால் நெருஞ்சில்' என்று நாம் எழுதிவிட்டால், நாட்டு மருந்துக் கடைக்குப் போவதற்குள் அந்தப் 'பால்' உதிர்ந்துவிடும். ஈரலுக்கு நெருஞ்சில் வேண்டும் என்று கேட்பவருக்குக் கடைக்காரர் உலர்ந்த நெருஞ்சில் முள்ளைத்தான் பொட்டலம் கட்டித் தருவார். தென்னாப்பிரிக்காவில் நெருஞ்சிலை மிகுதியாக மேய்ந்த ஆடுகளுக்குப் பித்தநாளங்கள் அடைபட்டுக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தலை வீங்கிப்போகும் நோய் வருவது கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. கல்லீரலுக்காகத் தேடப்படும் ஒரு விதைக்கு அந்தச் செடியின் பெயரைச் சூட்டுவது தகாது.

'வெள்ளை முட்செடி' என்பதுபோல் பொதுவாகச் சொல்லிவிடலாம் என்ற யோசனையில் இதைவிடப் பெரிய இடர் இருக்கிறது. இச்செடியின் முள் விளிம்புள்ள இலையில் நரம்புகளை ஒட்டிப் பால் சிந்தினாற்போல் வெண்ணிறம் ஓடுகிறது. நம் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் மண்டிக்கிடக்கும் பிரமதண்டின் இலையும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஆனால் பிரமதண்டின் விதை நஞ்சு. அதிலுள்ள சாங்குவினாரின் என்னும் நச்சுப்பொருள் கலந்த கடுகெண்ணெயால் 1998இல் தில்லியில் உடலில் நீர் கோத்து வீங்கும் நோய் பரவி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படத்தையும் பெயரையும் மட்டும் பார்த்து ஒருவர் வேலியோரத்து விதையைப் பறித்து இடித்துக் குடிக்க நம் சொல் வழிவிடக் கூடாது.

இனி 'ஈரற்காப்பு விதை'க்கு வருகிறேன். இவ்விதையின் மேலுறையில் செறிந்திருக்கும் சிலிமாரின் என்னும் கூட்டுப்பொருளை 1968இல் மியூனிக் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். சிலிபினின் அதன் தலையாய கூறு. அமானிட்டா என்னும் கொடிய காளானைத் தின்றவர்களுக்கு ஐரோப்பிய மருத்துவமனைகளில் சிலிபினினை இரத்தக் குழாய்வழி ஏற்றுகிறார்கள், ஏனெனில் காளான் நஞ்சு கல்லீரல் உயிரணுக்களுக்குள் நுழையும் வாயிலை அது அடைக்கிறது. இந்த ஒரு பயன் காப்பு என்ற சொல்லுக்கு முற்றிலும் தகும். வாய்வழி உட்கொள்ளும் மாத்திரைக்கு அவ்வளவு உறுதி இல்லை. கல்லீரல் இறுக்கிநோய் (சிரோசிஸ்) கண்டவர்களிடையே 1989இல் வெளியான வியன்னா ஆய்வு உயிர்பிழைப்புக் கூடியதாகக் காட்டியது. 1998இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில் அப்பயன் தென்படவில்லை. ஹெப்பட்டைட்டிஸ் சி நோயாளர் 154 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், வழக்கத்தைவிட மிகுந்த அளவு கொடுத்தும், மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதியின் அளவு குறையவில்லை. வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரலிலும், இரண்டாம் வகை நீரிழிவிலும், நம்பிக்கை தரும் சிறு ஆய்வுகள் உள்ளன. ஆனால் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்திவிட்டு இதை எடுக்கலாம் என்று சொல்ல அவை போதா. இந்நிலையில் பெயரிலேயே 'காப்பு' என்று முத்திரை குத்திவிட்டால், விற்பவருக்கு அது விளம்பரமாகும், நோயாளிக்கு வாக்குறுதியாகும். கலைச்சொல் பொருளைச் சுட்டினால் போதும். பயனை உறுதியளிக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் 'பால்வரிக் குசும்பா'. எண்ணெய் வித்தாக நாம் அறிந்த குசும்பா (ஆங்கிலத்தில் சாஃப்ளவர்) இச்செடிக்கு நெருங்கிய உறவு. சூரியகாந்திக் குடும்பத்தின் ஒரே கிளையில் இரண்டும் அடங்கும். முள்ளிலை, முட்கள் சூழ்ந்த பூந்தலை, கொழுப்பு நிறைந்த வித்து எல்லாம் இரண்டுக்கும் பொது. ஒருவேளை அடைமொழி உதிர்ந்து வெறும் குசும்பாவையே ஒருவர் வாங்கிவிட்டாலும் கையில் கிடைப்பது சமையலெண்ணெய் எடுக்கும் வித்துதான், நஞ்சன்று. 'பால்' மட்டும் நின்றால் எருக்கு, கள்ளிபோல் பால் வடியும் செடி என்று நம் காதுக்குப் படும்; 'வரி' சேரும்போது அது இலையின் நிறத்தைச் சொல்கிறது என்பது தெளிவாகிவிடும். செருமானியர் வழக்கைப் பின்பற்றி மரியாளின் பெயரைச் சேர்க்கலாம் என்பது அழகான யோசனையே என்றாலும், மரியாளின் பால் சிந்தி இலை வெளுத்தது என்னும் கதை தெரியாத வாசகருக்கு அது எதையும் காட்டாது.

'விதை' என்ற சொல்லிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பளபளப்பான பழுப்புத் தோலும் நுனியில் மஞ்சள் வளையமும் கொண்டு, வெள்ளைக் குஞ்சம் உதிர்ந்தபின் நம் கைக்கு வரும் அந்த மணி, தாவரவியல்படி வெடிக்காத ஒற்றைவிதைக் கனி. ஐரோப்பிய மருந்தியல் தொகுப்பும் கனி என்றே பதிகிறது. மக்கள் வழக்கில் விதை என்றே இருக்கட்டும், விளக்கத்தில் மட்டும் கனி என்று குறித்துவிடலாம்.

கலைச்சொல் பதிவை இவ்வாறு அமைக்கலாம் என்று கருதுகிறேன்: 'பால்வரிக் குசும்பா: சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, இதன் கனியிலிருந்து சிலிமாரின் எடுக்கப்படுகிறது, நெருஞ்சிலும் பிரமதண்டும் வேறு, இக்குடும்பத்துப் பூக்களால் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.' குசும்பாவுக்கு உங்கள் வட்டாரத்தில் வேறு பெயர் வழங்கினால் தெரிவியுங்கள். அது மேலும் பரவலான சொல்லாக இருந்தால் அதையே அடிச்சொல்லாகக் கொள்ள எனக்கு முழு இசைவு.