தனியாக நெடுந்தூர மிதிவண்டிப் பயணம்: குமரியிலிருந்து இராமேசுவரம்

கேட்டவர்: தக்கலை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்ததும் கன்னியாகுமரியிலிருந்து திருச்செந்தூர், தூத்துக்குடி, சாயல்குடி வழியாக இராமேசுவரம் வரை தனியாகவே மிதிவண்டியில் செல்ல எண்ணியிருக்கிறேன். குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை ஏறித் திரும்புவது எனக்குப் பழக்கம். ஆனால் வெளியூரில் இரவு தங்கி, மறுநாள் அந்த அலுப்போடு மீண்டும் மிதித்ததில்லை. என்னுடையது 700 அளவுச் சக்கரம் கொண்ட கியர் வண்டி. துணைக்கு ஆள் தேடினால் பயணம் தள்ளிக்கொண்டே போகிறது; தனியாகப் போகவோ அம்மா சம்மதிக்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஆரல்வாய்மொழிக்காரர்

பாதையில் குறையில்லை, திசையைத்தான் மாற்ற வேண்டும். தை மாதத்தில் அந்தக் கரையில் வடகிழக்குக் காற்று ஓய்ந்திருக்காது. குமரியிலிருந்து புறப்படுபவர் பெரும்பகுதி வழியில் அதை முகத்தில்தான் வாங்க வேண்டும். பேச்சிப்பாறை ஏற்றம் ஓரிடத்தில் முடிந்துவிடும். எதிர்காற்று மாலைவரை முடியாது. ஆகவே ரயிலில் இராமேசுவரம் சென்று, அங்கிருந்து வீடு நோக்கி மிதியுங்கள். தக்கலை வரை சுமார் 350 கிலோமீட்டர். காற்று பெரும்பாலும் முதுகில் இருக்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் மட்டும் பக்கக்காற்று உண்டு. வேடிக்கை பார்க்க நிறுத்தப்பட்ட வண்டிகளும் உண்டு. விடிந்ததும் கடந்துவிடுவது நல்லது.

வடக்கே போகும்போதே பின்காற்று வேண்டுமென்று ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்து, நான்குவழிச் சாலையில் மதுரைப் பக்கம் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் எதற்காக நிற்கின்றன என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். காவல்கிணறு முதல் நாங்குநேரி வரை மேற்குக் காற்று இடப்புறமிருந்து அடித்து, ஓரமாகச் செல்பவரை வாகனங்கள் ஓடும் பக்கமாகத் தள்ளும். திரும்பி வருவது அதைவிட மோசம்: காற்றுக்கு ஈடுகொடுத்து வலப்புறம் சாய்ந்து மிதிக்கையில், முந்திச் செல்லும் லாரி ஒரு நொடி காற்றை மறைத்தால் நாம் லாரியின் பக்கமே சரிவோம்.

பதில்: கோட்டாறு பழைய சைக்கிள்

காற்றைப் பற்றிச் சொன்னது சரி. ஆனாலும் முதன்முறை தனியாகச் செல்பவர் வீட்டிலிருந்து புறப்படுவதே மேல் என்பது என் கருத்து. சீட்டின் உயரம், கேரியரின் முடிச்சு, முழங்கால் வலி எல்லாம் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். அப்போது கூடங்குளத்தில் இருந்தால் திரும்பிவிடலாம், இராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடியில் இருந்தால் என்ன செய்வது? அண்ணன் சொன்னபடியே போவதாக இருந்தால், அதற்கு முன் முழுச் சுமையோடு திருச்செந்தூர் சென்று, ஓர் இரவு தங்கித் திரும்புங்கள். கன்னியாகுமரியிலிருந்து ஒரு வழிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களைத் தவிருங்கள். பாதயாத்திரைக் கூட்டத்தில் அறை கிடைப்பது அரிது.

சாயல்குடிப் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் சாதாரண வண்டிக்கான டியூப் இருக்கும். உங்கள் சக்கரத்துக்கு உரியதை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு டியூப், ஒட்டுப்போடும் சாமான், கைப்பம்ப் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வால்வு மெல்லிய வகையாக இருந்தால், கடைப் பம்பில் பொருந்துவதற்கான சிறு பித்தளை இணைப்பும் தேவை. முதுகில் பை வேண்டாம். சுமை முழுவதும் பின்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கட்டும்.

பதில்: மணவாளக்குறிச்சி அக்கா

அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லையே, தம்பி. நான் தனியாகப் புறப்பட்டபோது வீட்டில் எழுந்த கேள்விகள் உங்களைவிட அதிகம். “பயப்படாதீர்கள்” என்று சொல்வதால் பயன் இல்லை. எந்த இரவு எந்த ஊரில் தங்குவேன், விடுதியின் தொலைபேசி எண் என்ன, எத்தனை மணிக்கு அழைப்பேன் என்பதை எழுதிக் கையில் கொடுத்தேன். இருட்டிய பின் ஓட்டுவதில்லை என்று வாக்கும் கொடுத்தேன். கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிர்வது நல்லதுதான், ஆனால் சிக்னல் விட்டுப்போனால் அதுவே கலவரத்தைக் கிளப்பும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளங்களை ஒட்டி நிழலே கிடையாது. தண்ணீரைக் கடை கண்ட இடத்திலெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: தக்கலை வாசகர்

மூவருக்கும் நன்றி. மார்கழியில் திருச்செந்தூர் சென்று திரும்பிவிட்டு, தைப்பூசம் கழிந்தபின் இராமேசுவரத்திலிருந்து வருவதாக முடிவு செய்திருக்கிறேன். ரயிலில் வண்டியை ஏற்றுவது எப்படி?

பதில்: ஆரல்வாய்மொழிக்காரர்

நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, சேருமிடம் எழுதிய அட்டையை வண்டியில் கட்டி, நேரத்தோடே ஒப்படைக்க வேண்டும். நீங்கள் ஏறும் ரயிலிலேயே அதுவும் வருகிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். விளக்கையும் பம்பையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.