வெளியார் வைத்த பெயருக்கு ஒரு சொல்

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

தீவிர இஸ்லாமியப் பிரிவுகள் பற்றிய கட்டுரையொன்றைத் தமிழாக்குகிறேன். ஒரு குழு தனக்கு வைத்த பெயர் மறைந்து, வெளியார் வைத்ததே நிலைத்துவிடுவதற்கு ஒரு சொல் தேவை. 'புறப்பெயர்' போதுமா?

அக்கரைப்பற்றிலிருந்து:

ஊர்ப்பெயருக்கு அது சரி. டொய்ச்லாந்தை நாம் ஜேர்மனி என்பதால் யாருக்கும் நட்டமில்லை. இங்கே பெயர் வைத்தவன் எதிராளி. 657இல் ஸிஃப்பீன் போரில் அலீ (ரழி) நடுவர் தீர்ப்புக்கு இணங்கியதை எதிர்த்துப் பிரிந்தவர்களைப் பாருங்கள். காரிஜியாக்கள், அதாவது வெளியேறியவர்கள், என்பது மற்றவர்கள் சொன்னது. அவர்கள் தங்களை 'ஷுராத்' என்றார்கள்: இறைவனுக்காக உயிரை விற்றவர்கள். பாரசீகத்தின் அலமூத் கோட்டையை மையமாகக் கொண்ட இஸ்மாயிலி ஷீஆப் பிரிவினரான நிஸாரிகளின் கதை இன்னும் மோசம். 'ஹஷீஷி' (கஞ்சாக்காரன்) என்ற வசவு சிலுவைப் போர்க்காரர் வாயில் விழுந்து, 'அசாசின்' என ஐரோப்பிய மொழிகளில் கொலையாளிக்கே பொதுச்சொல்லானது. நைஜீரியாவின் போகோ ஹராம்கூட அக்கம்பக்கத்தார் வைத்ததுதான். அவர்களுடைய சொந்தப் பெயர் நீண்ட அரபுத் தொடர்.

18ஆம் நூற்றாண்டு அரேபியச் சீர்திருத்தவாதி முஹம்மத் இப்னு அப்துல் வஹ்ஹாபின் ஆட்கள் தங்களை 'முவஹ்ஹிதூன்', அதாவது ஏகத்துவவாதிகள், என்றார்கள். 'வஹ்ஹாபி' என்ற பெயரோ பிரிட்டிஷ் இந்தியாவில் ராஜத்துரோகிக்கு இன்னொரு பெயராகவே ஆனது. அரச கடிதங்களில் தங்களை அப்படி எழுதக்கூடாது என்று 1880களில், அந்தப் பெயரால் அழைக்கப்பட்ட அஹ்லே ஹதீஸ் என்ற இந்திய முஸ்லிம் பிரிவினர் மனுக் கொடுத்துத்தான் அதை நிறுத்த வேண்டியிருந்தது. அப்படியென்றால் அது பட்டப்பெயர் அல்ல, குற்றச்சாட்டு. ஆகவே 'சாட்டுபெயர்' என்பேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

சேர், எங்கள் பக்கம் சாட்டு என்றால் நொண்டிச்சாட்டுத்தான், வெறும் போலிக் காரணம். அது போகட்டும். காத்தான்குடியை என்ன செய்வது? 'தவ்ஹீத்' அவர்களே வைத்துக்கொண்ட பெயர். ஏகத்துவம் என்ற பொருளில் எல்லா முஸ்லிம்களுக்கும் உரிய சொல். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, இங்கே பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் அன்றைய தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய காத்தான்குடிக்காரர் ஸஹ்ரான்தான் நினைவுக்கு வருகிறார். 2021இல் வர்த்தமானியில் தடைசெய்த 11 அமைப்புகளிலும் தவ்ஹீத் ஜமாஅத்கள் பல. பெயர் அவர்களுடையது, பொருள்தான் மற்றவர்களுடையது.

அக்கரைப்பற்றிலிருந்து:

அந்தப் பொருளை முழுக்க மற்றவர்கள் தலையில் கட்ட முடியாது. ஸஹ்ரானும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆள் சேர்த்தார். வெளியார் என்றால் பொலிஸும் பத்திரிகையும் மட்டும் என்றும் எடுக்காதீர்கள். அடுத்த தெருக்காரரும் வெளியார்தான். தர்ஹாவுக்கு, அதாவது இறைநேசர் அடக்கத்தலத்துக்கு, போகிறவர்களைத் தவ்ஹீத்காரர் 'கப்று (கல்லறை) வணங்கி' என்பார்கள், பதிலுக்கு இவர்கள் 'வஹ்ஹாபி' என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கலைச்சொல் பொருந்த வேண்டும்.

'பெயரேற்றம்' எப்படி? ஆள்மேல் பெயரை ஏற்றினாலும் பெயர்மேல் பொருளை ஏற்றினாலும் இரண்டையும் தாங்கும். விளைந்த பெயருக்கு 'ஏற்றிய பெயர்' என்று எழுதுங்கள். 'ஏற்றுப்பெயர்' வேண்டாம், ஏற்றுக்கொண்ட பெயர் என்று வாசித்துவிடுவார்கள். கட்டுரையில் வஹ்ஹாபி வரும் பத்தியில் முதலில் போட்டுப் பார்த்து, அந்தப் பத்தியை இங்கே அனுப்புங்கள்.