சாக்லேட் ஒர்க்‌ஷாப் போலாம்னு இருக்கேன், காசு கட்டறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்?

கேக்_கோவை:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. வீட்ல கேக் ஆர்டர் எடுத்து பண்ணிட்டிருக்கேன், இந்த தீபாவளிக்கு சாக்லேட் பாக்ஸும் சேத்து குடுக்கலாம்னு ஒரு ஆசை. இங்க கோவைலயே ஒரு நாள் கிளாஸ் ஒண்ணு இருக்கு, 3,500 ரூபா, 20 வகை சாக்லேட் கையால செய்ய வைப்போம்னு போட்டிருக்காங்க. இன்னொண்ணு பொள்ளாச்சி பக்கம் கொக்கோ தோப்புலயே ரெண்டு நாள், காய் உடைக்கறதுல இருந்து பார் வரைக்கும், அது டபுள் காசு. யூடியூப்ல பாத்தா பத்தாதான்னு வீட்ல கேக்கறாங்க. போனவங்க சொல்லுங்க, எதுக்கு போலாம்?

ராஜி_சாக்லேட்ஸ்:
காசு கட்டறதுக்கு முன்னாடி போன் போட்டு ஒண்ணே ஒண்ணு கேளுங்கம்மா, காம்பவுண்டா கூவர்சரான்னு. ஒரே நாள்ல 20 வகைன்னா அனேகமா காம்பவுண்டுதான். அதுல கொக்கோ பட்டருக்கு, அதாவது கொக்கோ கொட்டைலயே இருக்கற கொழுப்புக்கு பதிலா வேற தாவர கொழுப்பு இருக்கும், உருக்கி மோல்ட்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சா தானா செட் ஆயிடும், அத வீடியோ பாத்தே பண்ணிடலாம், அதுக்கு 3,500 ரொம்ப அதிகம்.

கூவர்சர்ங்கறது அசல் சாக்லேட், அதுல கொக்கோ பட்டரே 31 சதவீதத்துக்கு குறையாம இருக்கணும், அங்கதான் டெம்பரிங் வேணும், அதாவது சூட்ட ஏத்தி இறக்கி பதத்துக்கு கொண்டு வர்றது. டார்க்னா 45-50 டிகிரி வரைக்கும் உருக்கி, 27-28க்கு இறக்கி, திரும்ப 31-32க்கு ஏத்தணும், மில்க்கும் ஒயிட்டும் அதைவிட கொஞ்சம் கம்மி. கொக்கோ பட்டர் ஆறு விதமா உறையும், அதுல அஞ்சாவது விதமா உறைஞ்சாத்தான் பளபளப்பும், உடைச்சா டக்குன்னு வர்ற சத்தமும். நம்பர் எல்லாம் எங்க வேணா கிடைக்கும், ஆனா உருக்கினதுல ஒரு பங்க கிரானைட் மேல ஊத்தி ஸ்க்ரேப்பரால இழுத்து இழுத்து விடும்போது தண்ணியா ஓடினது சட்டுன்னு கனமாகி ஸ்க்ரேப்பர் ஓரத்துல நிக்க ஆரம்பிக்கும் பாருங்க, அந்த இடம் கைக்குத்தான் தெரியும், அப்பவே வழிச்சு எடுத்து சூடா இருக்கற மீதியோட கலக்கணும். கத்தி நுனிய சாக்லேட்ல தொட்டு எடுத்து வெச்சா ஏசி ரூம்ல அஞ்சு நிமிஷத்துல கோடு இல்லாம உறையணும். இத பக்கத்துல நின்னு ஒருத்தர் திருத்தற கிளாஸ்னா காசு கூட ஆனாலும் போங்க.

தென்னந்தோப்பு:
நான் அந்த மாதிரி தோப்பு ஒர்க்‌ஷாப் போயிருக்கேன், ஆனைமலை பக்கம். தென்னைக்கு நடுவுல ஊடுபயிரா கொக்கோ. காய உடைச்சா உள்ள சீத்தாப்பழம் மாதிரி வெள்ளை சதை, புளிப்பும் இனிப்புமா இருக்கும், கொட்டைய கடிச்சா பயங்கர கசப்பு, சாக்லேட் வாசனை துளி கூட கிடையாது. அந்த வாசனைக்கு அடித்தளம் போடறதே மரப்பெட்டில அஞ்சாறு நாள் புளிக்க வைக்கறதுதான், பெட்டிய தொறந்தா வினிகர் நெடி மூக்குல ஏறும், கைய உள்ள விட்டா நல்லா சுடும். அப்புறம் காய வைக்கணும். இதெல்லாம் ரெண்டு நாள்ல முடியாது, அதனால வேற வேற நிலைல இருக்கற கொட்டைய வரிசையா காட்டுவாங்க, அத கேட்டுட்டு போங்க. வறுத்து உடைச்சு முறத்துல புடைச்சு தோல் எடுக்கறது நம்மளே பண்ணோம், எனக்கு பாட்டி வீடு ஞாபகம் வந்துடுச்சு. அரைக்கறது கல் கிரைண்டர், ஒரு நாளுக்கு மேல ஓடணும். உலகம் பூரா சின்ன சாக்லேட் கம்பெனிக பல பேரு ஆரம்பத்துல அரைச்சது நம்மூரு வெட் கிரைண்டர்லதான், கோயமுத்தூர்காரனா எனக்கு அதுல பெருமைதான்.

ஆனா தீபாவளி பாக்ஸுக்கு இது நேரா உதவாது சிஸ். சாக்லேட்ட புரிஞ்சுக்கணும்னா கண்டிப்பா போங்க.

மெரினா_பேக்கர்:
ஒரு பேட்ச்ல எத்தன பேர், ஆளுக்கு தனி பவுலும் தெர்மாமீட்டரும் உண்டான்னும் கேளுங்க. நான் போன ஒரு இடத்துல மேடம் செய்வாங்க, நாங்க கூட்டமா நின்னு போட்டோ எடுத்தோம், அவ்ளோதான். இன்னொண்ணு, ஒரு சொட்டு தண்ணி விழுந்தாலும் உருக்கின சாக்லேட் இறுகி மண்ணு மண்ணா ஆயிடும், எங்க சென்னை ஈரக்காத்துல ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே மேல வேர்த்து, காஞ்சதும் வெள்ளை பூத்துடும். உங்க ஊர்ல அவ்ளோ தொல்லை இருக்காது, ஆனா மழை நேரத்துல ஏசி இல்லாம கூவர்சர தொடாதீங்க. விக்கறதா இருந்தா எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்பு ஆணையம்) பதிவுல சாக்லேட்டும் இருக்கான்னு பாத்துக்கோங்க.

கேக்_கோவை:
ரொம்ப நன்றிங்க. போன் போட்டு கேட்டேன், 20ம் காம்பவுண்டுதானாம். அவங்களே தனியா டெம்பரிங் மட்டும் ஆறு பேர் வெச்சு எடுக்கறாங்களாம், அதுல சேந்துட்டேன். தோப்புக்கு தீபாவளி முடிஞ்சு போறேன். ராஜி அக்கா, மோல்ட் சிலிகான் வாங்கட்டுமா?

ராஜி_சாக்லேட்ஸ்:
பாலிகார்பனேட் வாங்கும்மா, அதுலதான் மினுமினுப்பு வரும். ஊத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு குழியையும் பஞ்சால நல்லா தேய்ச்சு விடு. டெம்பர் சரியா இருந்தா உறையும்போது சுருங்கி ஓரம் விட்டுடும், கவுத்து ஒரு தட்டு தட்டினா மொத்தமா விழும்.